வதைமுகாமிலிருந்து மீண்டவர்களின் விசுவாசம்: இளையோரிடம் எப்படிப் பேசுவது?

வெலிங்டன் வாசகர்:
குன்னூரில் எங்கள் பங்கு இளையோருக்கு, ஆஷ்விட்ஸ் முகாமில் சக கைதி ஒருவருக்குப் பதிலாக உயிரைக் கொடுத்த போலந்துக் குரு புனித மாக்சிமிலியன் கோல்பேயின் ஆகஸ்ட் 14 திருநாளையொட்டி நாஜி வதைமுகாம்களைப் பற்றிப் பேச வேண்டும். "துன்பம் மனிதரைப் புடம்போட்டு விசுவாசத்தை வளர்க்கும்" என்பதை மையமாக வைக்கலாமா? தப்பி வந்தவர்களின் சுபாவம் உண்மையில் எப்படி மாறியது?

கோத்தகிரி செவிலியர்:
புடம்போடுவதை விடுங்கள் சார், உடம்பிலிருந்து தொடங்குங்கள். 1945 ஏப்ரல் 15 அன்று ஜெர்மனியின் பெர்கன்-பெல்சன் முகாமுக்குள் பிரிட்டிஷ் படை நுழைந்தபோது சுமார் 60,000 பேர் உயிரோடிருந்தார்கள். அதன் பிறகும் ஏறக்குறைய 13,000 பேர் இறந்தார்கள். டைபஸ் காய்ச்சலும் பட்டினியும் முக்கியக் காரணங்கள். ஒட்டிப்போன வயிற்றுக்குள் கொழுப்பான டின் உணவு போனதும் சிலரைக் கொன்றது. நெடுநாள் பட்டினிக்குப் பின் ஒரேயடியாகச் சாப்பிட்டால் இன்சுலின் ஏறும், ரத்தத்தில் பாஸ்பேட் சரியும், இதயம் தாங்காது. 1943 வங்காளப் பஞ்சத்தில் பயன்பட்ட, சர்க்கரை சேர்ந்த உணவுக் கலவையை அங்கே கொடுத்துப் பார்த்தார்கள். தித்திப்பு தாளாமல் பலர் ஒதுக்கிவிட்டார்கள். ஊசியைக் கண்டதுமே கொல்ல வருகிறார்கள் என்று அலறியவர்களும் உண்டு. அது வீண் பயம் அல்ல. கோல்பேயையும் 1941இல் கார்பாலிக் அமில ஊசி போட்டுத்தான் கொன்றார்கள்.

அந்தப் பயம் பலரிடம் ஆயுளுக்கும் தங்கியது. மெத்தைக்கடியில் ரொட்டித் துண்டை ஒளித்து வைப்பது, நாய் குரைத்தால் நடுங்குவது, சீருடையைக் கண்டால் ஒடுங்குவது, பிள்ளைகளிடம் அந்தக் காலத்தைப் பற்றி வாயே திறக்காதது. எல்லாவற்றையும்விட, "அவங்கெல்லாம் போயிட்டாங்க, நான் மட்டும் ஏன் இருக்கேன்" என்ற உறுத்தல். வில்லியம் நீடர்லாண்ட் என்ற மனநல மருத்துவர் 1960களில் இதைத் தனி நோய்க்குறியாகவே விவரித்தார்.

கூடலூர் ஆசிரியர்:
விசுவாசம் எல்லாரிடமும் ஒரே பக்கம் போகவில்லை. இத்தாலிய வேதியியலாளர் பிரிமோ லெவி நம்பிக்கையில்லாதவராகவே ஆஷ்விட்சுக்குள் போனார், அப்படியே வெளியே வந்தார். 1944 அக்டோபரில் எரிவாயு அறைக்கு ஆள் பிரித்த நாளில், ஒரு கணம் ஜெபிக்கத் தோன்றியும் ஜெபிக்கவில்லை. ஆட்டம் முடியும் நேரத்தில் ஆட்ட விதிமுறையை மாற்றக்கூடாது என்று எண்ணினார். ஆனால் சமயத்திலோ அரசியலிலோ உறுதியான பிடிப்பு இருந்தவர்கள் முகாமை மேலாகத் தாங்கினார்கள் என்று எழுதியவரும் அவரேதான். இந்த நேர்மையை இளையோர் அவசியம் கேட்க வேண்டும். ஆஷ்விட்சிலிருந்து மீண்ட யூத எழுத்தாளர் எலீ வீசல் கடவுளை விட்டுவிடவுமில்லை, கடவுளோடு வழக்காடுவதை நிறுத்தவுமில்லை. யெகோவாவின் சாட்சிகள் என்ற சமயப் பிரிவினரோ, விசுவாசத்தைத் துறப்பதாகக் கையெழுத்துப் போட்டிருந்தால் விடுதலையாகியிருக்கலாம். பெரும்பாலோர் போடவில்லை.

கோல்பே யாருக்காக உயிரைக் கொடுத்தாரோ, அந்த ஃபிரான்சிஷெக் கயோவ்னிசெக்கையும் விட்டுவிடாதீர்கள். முகாமிலிருந்து மீண்டு வந்தபோது அவருடைய இரண்டு மகன்களும் போரில் இறந்திருந்தார்கள். 1982 புனிதர் பட்ட விழாவில் இருந்தார், 1995 வரை வாழ்ந்தார், கோல்பேயைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார். நம்பிக்கையோடு இருந்தவர்தான், ஆனால் "வளர்ந்தது" என்ற ஒரு சொல்லில் அந்த வாழ்வை அடைக்க முடியாது.

கோத்தகிரி செவிலியர்:
இன்னொன்று சார். நம் மலையில் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் நிறைய. அங்கே கலவரங்களைக் கண்டவர்களின் பேரப்பிள்ளைகள் உங்கள் கூட்டத்திலும் இருக்கலாம். பிணக்குவியல் படங்கள் வேண்டாம். என்ன பேசப்போகிறீர்கள் என்பதை முந்தின ஞாயிறே அறிவித்துவிடுங்கள். இடையில் எழுந்து போகிறவர்களைத் தடுக்காதீர்கள், காரணமும் கேட்காதீர்கள். "உங்க பாட்டிக்கும் இப்படி நடந்ததா" என்று எவரையும் சபையில் வைத்து விசாரிக்கக் கூடாது. அவர்களாகப் பேச வந்தால், கூட்டம் முடிந்தபின் தனியாக உட்கார்ந்து கேளுங்கள்.