பழ ஈயின் குடலில் செல் இறப்பைத் தடுத்தும் குடல் ஏன் பெருக்கவில்லை?

கேள்வி

பழ ஈயின் நடுக்குடலில் முதன்முறையாகச் சோதனை செய்து வருகிறேன். உணவை உறிஞ்சும் என்டரோசைட் செல்கள் மடிந்து உதிர, குடற்சுவரின் அடிப்படலத்தை ஒட்டியிருக்கும் ஸ்டெம் செல்கள் பிரிந்து அந்த இடங்களை நிரப்புகின்றன என்று படித்திருக்கிறேன். ஆகவே செல் இறப்பைத் தடுக்கும், பாக்குலோவைரஸின் பி35 புரதத்தை என்டரோசைட்டுகளில் மட்டும் உண்டாக்கி, அவை இறக்காமல் தடுத்தேன். சாவு நின்றாலும் பிறப்பு தொடரும், அதனால் குடலில் நெரிசல் ஏற்படும் என்று எதிர்பார்த்தேன். குடலின் அளவோ மாறவில்லை. பிரியும் செல்களை அடையாளம் காட்டும் பாஸ்போ-ஹிஸ்டோன் எச்3 சாயமேற்றி எண்ணியபோது, பிரியும் செல்களே குறைந்திருந்தன. பி35 ஸ்டெம் செல்களில் இல்லாதபோது அவை ஏன் அடங்கிப்போயின?

மறுமொழி 1

உங்கள் சோதனையில் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. 2017-இல் நேச்சர் இதழில் வெளியான ஓர் ஆய்வும் இதையே கண்டது. ஸ்டெம் செல் தன்பாட்டில் பிரிந்துகொண்டே இருக்கும் என்று எண்ணியதால்தான் முடிவு உங்களுக்கு வியப்பளிக்கிறது.

நலமாக இருக்கும் என்டரோசைட்டின் ஈ-கேடரின் என்ற புரதம் அண்டைச் செல்லோடு பிணைப்பை ஏற்படுத்துவதோடு நில்லாமல், ராம்பாய்டு என்னும் நொதியின் ஜீனையும் அடக்கி வைத்திருக்கிறது. ஸ்பிட்ஸ், கெரென் ஆகிய வளர்ச்சிக் காரணிகளை அந்த நொதி வெட்டினால்தான் அவை செல்லைவிட்டு வெளியேற முடியும். செல் இறக்கத் தொடங்கும்போது ஈ-கேடரின் குலைகிறது, ராம்பாய்டு தலையெடுக்கிறது, வெளியேறிய காரணிகள் அருகிலுள்ள ஸ்டெம் செல்லில் அவற்றைப் பற்றிக்கொள்ளும் இஜிஎஃப் ஏற்பியைத் தூண்டுகின்றன. ஆக, இறக்கும் செல்லே தன் இடத்தை நிரப்புமாறு அழைப்பு விடுக்கிறது. நீங்கள் இறப்பைத் தடுத்தபோது அந்த அழைப்பும் எழாமல் போயிற்று. குடலைச் சூழ்ந்த தசை சுரக்கும் வெய்ன் என்ற காரணிக்கு ராம்பாய்டு தேவையில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிரிதல் முற்றிலும் நிற்காததற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம்.

மறுமொழி 2

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அதை அன்றாடப் புதுப்பித்தலுக்கு மட்டுமே பொருத்திப் பார்க்க வேண்டும் என்று வலியுறுத்த விரும்புகிறேன். நோய்க்கிருமியோ நச்சுப்பொருளோ குடலைத் தாக்கும்போது, சேதமுற்ற என்டரோசைட்டுகள் யுபிடி3 என்ற சைட்டோகைனை, அதாவது சமிக்ஞைப் புரதத்தை, பெருமளவில் வெளியிட்டு, ஸ்டெம் செல்களில் ஜாக்-ஸ்டாட் என்ற சமிக்ஞைப் பாதையைத் தூண்டுகின்றன. பிரிதல் பன்மடங்காகி, திசு சீரானதும் மீண்டும் தணிகிறது. செல் இன்னும் இறக்காதபோதே அழுத்தத்தின் காரணமாக இந்தச் சமிக்ஞை எழக்கூடும் என்பதால், பி35 கொடுத்த குடலில் தொற்றை உண்டாக்கினால் இதே அமைதியை எதிர்பார்க்கக் கூடாது.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. இளம்புழுவில், பின்னர் இறகாக உருவாகும் திசுவான இறகுத் தட்டில் சாவைத் தூண்டிவிட்டுப் பி35 கொண்டு தடுத்தால், சாகவும் முடியாத அந்தச் செல்கள் வளர்ச்சிக் காரணிகளை வெளியிட்டுக்கொண்டே இருப்பதால் திசு மிகையாக வளர்கிறது. காரணம், செல் இறப்பை நடத்தும் நொதிகளான கேஸ்பேஸ்களில் இறுதிக்கட்டத்தவற்றைத்தான் பி35 தடுக்கிறது, அவற்றுக்கு முன்னே செயற்படும் டிராங்க் என்ற கேஸ்பேஸைத் தடுப்பதில்லை. ஒரு திசுவில் கண்டதை மற்றொன்றுக்கு அப்படியே எடுத்துச்செல்ல முடியாது என்பதை நான் அங்கேதான் கற்றேன்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. பி35 உண்டாவதை அடக்கி வைக்கும் கால்80 புரதத்தின் வெப்ப உணர்வுள்ள வடிவத்தை அணைப்பதற்காக ஈக்களை 18 பாகையிலிருந்து 29 பாகைக்கு மாற்றினேன். ஒரு தொகுதிக்குப் புதிய உணவை மாற்றத் தவறிவிட்டேன். அது எண்ணிக்கையைப் பாதித்திருக்குமா?

மறுமொழி 3

கட்டாயம் பாதித்திருக்கும், அந்தத் தொகுதியை விலக்கிவிடுங்கள். உணவு கிடைத்ததும் குடலைச் சூழ்ந்த தசை இன்சுலின் போன்ற டில்ப்3-ஐச் சுரக்கிறது. அப்போது ஒரு ஸ்டெம் செல் இரண்டு ஸ்டெம் செல்களாகவே பிரிவது கூடி, குடலே நீண்டு பெருக்கிறது என்று 2011-இல் காட்டப்பட்டது. பட்டினியில் அது சுருங்குகிறது. இறப்பைத் தடுத்ததன் விளைவையும் பசியின் விளைவையும் வெறும் பிரிதல் எண்ணிக்கையைக் கொண்டு பிரித்தறிய முடியாது. கட்டுப்பாட்டுக் குழுவையும் அதே நாளில், அதே உணவில், அதே வெப்பநிலைக்கு மாற்றுங்கள். பெண் ஈக்களின் ஸ்டெம் செல்கள் ஆண் ஈக்களுடையதைவிட மிகுதியாகப் பிரிவதாலும், இனச்சேர்க்கையும் அவற்றைத் தூண்டுவதாலும், இரு குழுக்களிலும் ஒரே வயதுடைய, இணைசேர்ந்த பெண் ஈக்களையே எண்ணுவது நல்லது.