புதுப்பிப்பு: கருப்பன் போன பிறகு

எங்கள் சிப்பிப்பாறை நாய் கருப்பன் உண்ணிக் காய்ச்சலில் இறந்ததையும், அவனோடு வளர்ந்த இன்னொரு நாய் செம்பி சாப்பிட மறுப்பதையும் போன மாதம் எழுதியிருந்தேன். ஆறுதல் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

செம்பி இப்போது சாப்பிடுகிறாள். முதலில் கருப்பனின் தட்டை முகர்ந்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விடுவாள். தட்டை எடுத்து வைக்கச் சிலர் சொன்னீர்கள், எனக்கு மனசு வரவில்லை. அப்புறம் அதே தட்டில் ஈரல் பிசைந்த சோறு வைத்தோம். கொஞ்சம் யோசித்தாள், பிறகு ஒரு பருக்கை விடாமல் நக்கிவிட்டாள். அம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டார்.

செம்பிக்கும் ரத்தப் பரிசோதனை செய்தோம். உண்ணிக் காய்ச்சலை உண்டாக்கும் எர்லிக்கியா கிருமி இருக்கிறது, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களும் குறைவு. நல்லவேளை, ஆரம்ப நிலைதான். டாக்ஸிசைக்ளின் என்ற மருந்தை 28 நாள் கொடுக்க வேண்டும். கருப்பனுக்கு மூக்கில் ரத்தம் வந்த பிறகே நோய் தெரிந்தது. உங்கள் நாய் சோர்ந்து கிடந்தால், ஈறு வெளுத்திருந்தால் தயவுசெய்து காத்திருக்காதீர்கள். உண்ணி சுவர் இடுக்கில்கூட முட்டையிடும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் போதாது, வீட்டையும் பாருங்கள்.

புதுக் குட்டி தருவதாகச் சொன்னவர்களுக்கு: இப்போதைக்கு வேண்டாம். செம்பிக்குக் குணமாகட்டும், அம்மாவும் கொஞ்சம் தேறட்டும்.