ஆறு அங்குலத் தேக்கு, இரண்டரை அங்குல ரம்பம்

ஊரில் பழைய வீட்டை இடித்தபோது வாசல் நிலையை மட்டும் விற்க அம்மாவுக்கு மனசு வரவில்லை. 6 அங்குல அகலம், 4 அங்குலக் கனம், ஏழடி நீளத்தில் இரண்டு கால்கள். பர்மா தேக்கு என்று தாத்தா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த மரம். பலகையாக அறுத்துப் புத்தக அலமாரி செய்து தருகிறேன் என்று நான்தான் வாயைக் கொடுத்தேன்.

முதலில் மர அறுவை மில்லுக்குத்தான் கொண்டு போனேன். பழைய நிலை என்றதுமே கையை விரித்துவிட்டார்கள். உள்ளே ஒரே ஒரு ஆணி இருந்தாலும் அவர்களுடைய பிளேடு போய்விடும், என் இரண்டு கட்டைக்காக அந்த வம்பை யார் வாங்குவார்கள், நியாயம்தான். அப்புறம் மாடி ஷெட்டில் கிடக்கும் 7 அங்குல வட்ட ரம்பம்தான் கதி. 6 அங்குல அகலம் குறையாமல் பலகை போட வெட்டு 6 அங்குல ஆழம் போக வேண்டும்; பிளேடை முழுக்க இறக்கினாலும் இரண்டரை அங்குலம்தான் உள்ளே போகும். இந்தப் பக்கம் இரண்டரை, புரட்டிப் போட்டு அந்தப் பக்கம் இரண்டரை, நடுவில் நிற்கும் ஒரு அங்குலத்தைக் கை ரம்பத்தில் முடித்துக்கொள்வது என்று கணக்கு.

பெட்டியோடு வந்த 40 பல் பிளேடை மாட்டி, எடுத்த எடுப்பில் முழு ஆழத்துக்கு விட்டேன். பத்து விரற்கடை போவதற்குள் கருகல் நாற்றம், புகை, மோட்டார் முனகல். பாதித் தப்பு எக்ஸ்டென்ஷன் வயரில். சீரியல் பல்புக்குப் போடுகிற மாதிரி மெல்லிசு. தடித்த வயர், 24 பல் பிளேடு, ஒரு தடவைக்கு அரை அங்குலம்தான் என்று மாற்றிய பிறகு வெட்டு ஒழுங்காக இறங்கியது. குறுகலான விளிம்பின் மேல் ரம்பத்தின் அடித்தட்டு ஆடாமல் இருக்க, இரண்டு கால்களையும் ஒட்டிவைத்து கிளாம்ப் போட்டுக்கொண்டேன்.

நாலாவது ஓட்டத்தில் வெட்டு வாய் பின்னால் மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வியது. ரம்பம் தூக்கி என் பக்கமாகவே அடித்தது. நேர் பின்னால் நிற்காமல் ஒதுங்கி நின்றிருந்ததால் வேட்டியோடு போயிற்று. (வேட்டி கட்டிக்கொண்டு ரம்பம் ஓட்டியதற்கு வீட்டில் வாங்கியது தனி.) எத்தனை வருஷம் காய்ந்த மரமாக இருந்தாலும் உள்ளே ஒரு முறுக்கு இருக்கிறது, நடுவில் பிளந்ததும் அது அவிழ்கிறது. அதற்கப்புறம் ஓரடிக்கு ஒரு மெல்லிய ஆப்பு; அடித்து இறுக்காமல், வாய் மூடாத அளவுக்கு மட்டும்.

காந்தம் வைத்துத் தடவித் தடவி ஒன்பது ஆணி எடுத்திருந்தேன். பத்தாவதை பிளேடுதான் கண்டுபிடித்தது, கீல் பதித்த குழிக்குள் ஒடிந்து நின்ற திருகு. இரண்டு பல் போச்சு.

இதையெல்லாம்விட எரிச்சலான விஷயம், இரண்டு பக்க வெட்டும் நடுவில் சந்திக்கவில்லை. புரட்டிப் போட்டபோது, ரம்பத்தை நேராக ஓட்ட உதவும் கைடு சட்டத்தைக் கட்டையின் எதிர் முகத்தில் வைத்து ஓட்டிவிட்டேன். எந்த முகத்தை ஒட்டி முதல் வெட்டோ, அதே முகத்தை ஒட்டித்தான் மறு வெட்டும் என்று சாக்பீஸில் எழுதிவைத்திருந்தால் அந்த 3 மி.மீ. படிக்கட்டு வந்திருக்காது. இன்னொன்று, அலமாரித் தட்டின் நீளம் இரண்டே முக்கால் அடி. ஏழடியையும் முழுசாக அறுக்கத் தேவையே இல்லை, முதலில் துண்டாக்கிக்கொள்ளலாம் என்பது ஒரு கால் முக்கால்வாசி அறுபட்ட பிறகுதான் உறைத்தது. இழைத்து முடித்தபோது 4 அங்குலத்தில் தேறியது 18 மி.மீ. பலகை நாலு.

*

அண்ணா, நிலையை அறுத்த உங்கள் கதையைப் படித்தேன். என்னிடம் இருப்பது மேஜை மேல் வைக்கிற சின்ன பேண்ட்சா (வளையமாகச் சுற்றும் பட்டை பிளேடு ரம்பம்), மூன்று அங்குல உயரக் கட்டைதான் ஏறும். தோட்டத்துப் பலாவை அதில் பலகை போட்டேன். அங்குலத்துக்கு 14 பல் உள்ள மெல்லிய பிளேடு தூளை வெளியே தள்ளவே இல்லை, வெட்டு வயிறு தள்ளி ஒரு பலகை வாழைப்பழ வடிவத்தில் வந்தது. 4 பல் பிளேடு போட்டு, கையை அவசரப்படுத்தாமல் தள்ளியதும் நேரானது. ஆனால் காலையில் பார்த்தால் பலகையெல்லாம் கிண்ணமாகக் குழிந்து கிடக்கின்றன. வெளியே காய்ந்திருந்தாலும் நடு ஈரம் போகவில்லை. புதிதாக அறுபட்ட முகம் வேகமாகக் காய்ந்து சுருங்கிவிட்டது. இப்போதெல்லாம் கனமாகவே அறுத்து, இடையில் குச்சி வைத்து அடுக்கி, மேலே கல்லை ஏற்றி விட்டுவிடுகிறேன்.

*

நிலையை அறுத்த தம்பி, அந்த நடு அங்குலத்தைக் கையால் அறுக்க எத்தனை நேரம் ஆச்சு என்று சொல்லாமல் தப்பிக்கிறீர்களே! எங்கப்பா முழு மரத்தையே மேலே ஒருவர் கீழே ஒருவர் நின்று இழுத்தவர். நீளவாக்கில் அறுக்கிற ரம்பத்துக்குப் பல்லை உளி மாதிரி நேராக அரம் போடுவார், குறுக்கே அறுக்கிறதற்குச் சாய்த்து. கடையில் வாங்குகிற கை ரம்பம் பெரும்பாலும் குறுக்கு வெட்டுக்கானது, அதை வைத்துத் தேக்கை நீளவாக்கில் அறுத்தால் தோள்பட்டைதான் தேயும். பல்லை உளி மாதிரி மாற்றி அரம் போட்டு, எண்ணெய்த் துணியால் இரண்டு பக்கமும் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, ஒரு மூலையிலிருந்து சாய்வாக ஆரம்பித்துக் கட்டையைத் திருப்பித் திருப்பி அறுங்கள். இன்னொரு கால் அப்படியே கிடக்கிறதா, அறுத்தாச்சா?