வீட்டு மருந்தையெல்லாம் பையில் போட்டுக் கொண்டுவரச் சொன்ன டாக்டர்

காவிரிக்கரை:

ஒருங்கிணைந்த மருத்துவத்தை, அதாவது ஆங்கில மருத்துவத்தோடு யோகா, அக்குபங்சர் போன்றவற்றையும் சேர்த்துப் பார்க்கும் முறையை, பல்கலைக்கழகத்தில் சொல்லிக்கொடுத்துக்கொண்டே நோயாளிகளையும் பார்க்கும் டாக்டர்களிடம் போய்வந்தவர்கள் இங்கே சிலராவது இருப்பீர்கள். என் கதையை முதலில் எழுதிவிடுகிறேன்.

அம்மா கும்பகோணத்திலிருந்து பாஸ்டனுக்கு வந்த இரண்டாவது மாதம் வயிற்றுவலி ஆரம்பித்தது. கூடவே மலச்சிக்கல், சோர்வு. பத்துப் படி ஏறினால் உட்கார்ந்துவிடுவார். ஸ்கேன், எண்டோஸ்கோபி எல்லாம் பார்த்தார்கள், ஒன்றும் பிடிபடவில்லை. ரத்தசோகை இருந்தது, இரும்புச்சத்து மாத்திரைக்கு அது மசியவில்லை. போன இடமெல்லாம் "வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டார்கள். அம்மா "இல்லை" என்றார். நானும் அப்படியே மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் மறைத்தார் என்று சொல்ல மாட்டேன். வைத்தியர் கொடுத்த பொடியை அவர் மருந்துக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

தோழி ஒருத்தி சொல்லித்தான் பல்கலைக்கழக மருத்துவமனை ஒன்றின் குடும்ப மருத்துவப் பிரிவுக்குப் போனோம். அந்த டாக்டர் எம்.டி. முடித்தவர், அங்கேயே பேராசிரியர். மாத்திரையும் எழுதுவார், தேவைப்பட்டால் யோகா, தியானம், அக்குபங்சர் என்றும் சொல்வார். பயிற்சியில் இருந்த இளம் டாக்டர் ஒரு பெண்ணும் உடன் இருந்தாள். முதல் சந்திப்பே ஒரு மணி நேரம். அவர் மருந்தைப் பற்றியே கேட்கவில்லை. "உங்களுக்குச் சின்ன வயதில் உடம்பு முடியாமல் போனால் உங்கள் அம்மா என்ன கொடுப்பார்?" என்று கேட்டார்.

அம்மாவுக்கு முகமே மாறிவிட்டது. சுக்குக் கஷாயம், நொச்சி இலை ஆவி, முடக்கத்தான் தோசை என்று வரிசையாக வந்தது. மஞ்சள் பால் என்றதும் டாக்டர் நிறுத்தி, "மிளகு போடுவீர்களா?" என்றார். "மிளகு போடாமல் எப்படி?" என்றார் அம்மா. டாக்டர் அந்தப் பெண்ணிடம் திரும்பி, 1998-இல் பெங்களூரில் ஒரு மருத்துவக் கல்லூரியில் செய்த ஆய்வைச் சொன்னார். மிளகில் இருக்கும் பைப்பரின் சேர்ந்தால் மஞ்சளின் குர்குமின் ரத்தத்தில் 20 மடங்கு ஏறுகிறதாம். நல்லது ஏறுகிற அதே வழியில் வேறு மருந்துகளின் அளவும் கூடிவிடலாம், அதனால் எதையும் விடாமல் கேட்டு எழுது என்று அவளுக்குப் பாடம். எங்களிடம், "அடுத்த வாரம் வரும்போது வீட்டில் இருப்பதை எல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள்" என்றார்.

அந்தப் பையிலிருந்துதான் அது வெளியே வந்தது. சீட்டு ஒட்டாத சின்ன பிளாஸ்டிக் டப்பா, செங்கல் நிறத்தில் பொடி. முட்டிவலிக்குத் தேனில் குழைத்து ஒரு வருடமாகச் சாப்பிடுகிறாராம். டாக்டர் முகத்தைச் சுளிக்கவில்லை. "இதை உங்கள் ஊரில் என்னவென்று சொல்வீர்கள்?" என்று கேட்டார். உலோகம் சேர்த்துச் செய்யும் சித்த மருந்துப் பொடி அது. அந்தப் பெண் 'செந்தூரம்' என்ற சொல்லை மூன்று தடவை சொல்லிப் பார்த்து எழுதிக்கொண்டாள். அன்றைக்கே ரத்தத்தில் ஈயம் பார்த்தார்கள். டெசிலிட்டருக்கு 42 மைக்ரோகிராம். பெரியவர்களுக்கு 3.5 எட்டினாலே கவனிக்க வேண்டிய அளவு. வயிற்றுவலி, மலச்சிக்கல், ரத்தசோகை எல்லாம் இந்த ஈயத்தால்தான்.

நான் அழுதுவிட்டேன். அம்மா வைத்தியரைத் திட்ட ஆரம்பித்தார். டாக்டர்தான் நிதானமாக உட்கார்ந்து விளக்கினார். பாஸ்டனைச் சுற்றியுள்ள இந்தியக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2004-இல் ஆய்வுக் கட்டுரை ஒன்று வந்தது. அவற்றில் 14-இல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் இவற்றில் ஏதாவது இருந்தது. 2008-இல் இணையத்தில் வாங்கிய 193 மருந்துகளைப் பார்த்தபோதும் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. அமெரிக்காவில் செய்தது, இந்தியாவில் செய்தது என்று பெரிய வித்தியாசமும் இல்லை. சிலவற்றில் உலோகம் தெரியாமல் கலந்துவிடுகிறது, சிலவற்றில் மருந்தாகவே சேர்க்கிறார்கள். இதைச் சொல்லிவிட்டு, "சுக்கு, மிளகு, முடக்கத்தான் எதையும் நிறுத்த வேண்டாம். இந்த டப்பா மட்டும் வேண்டாம்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அம்மா அவர் பேச்சைக் கேட்டார். மொத்தமாகத் தூக்கிப் போடு என்றிருந்தால் டப்பா பெட்டிக்கு அடியில் போயிருக்கும், நிச்சயமாக.

ஈயத்தை வெளியேற்றும் ஊசி தேவைப்படவில்லை. பொடியை நிறுத்தி, மாதம் ஒரு முறை ரத்தம் பார்த்தார்கள். முட்டிக்குப் பிசியோதெரபியும் நாற்காலியில் உட்கார்ந்தபடி செய்யும் யோகாவும். நாலாவது மாதம் 11-க்கு இறங்கியது. வயிற்றுவலி அதற்கு முன்பே போய்விட்டது.

தாமிரபரணி டாக்டர்:

படித்துக் கண் கலங்கிவிட்டது. நான் டெக்சாஸில் குடும்ப மருத்துவர். அரிசோனா பல்கலைக்கழகத்தின் ஒருங்கிணைந்த மருத்துவப் பயிற்சியை முடித்தவள். அதை நடத்தும் மையத்தை டூசானில் ஆண்ட்ரூ வைல் என்ற டாக்டர் 1994-இல் தொடங்கினார். ஏற்கெனவே வேலையில் இருக்கும் டாக்டர்கள் இரண்டு வருடம், சுமார் 1000 மணி நேரம் படிக்க வேண்டும். பெரும்பகுதி இணையத்தில், சில வாரங்கள் நேரில்.

எனக்கு மறக்காதது மூச்சுப் பயிற்சி வகுப்பு. வைல் பரப்பிய முறையில் 4 எண்ணும்வரை மூக்கால் இழுத்து, 7 வரை நிறுத்தி, 8 வரை வாயால் விட வேண்டும். எனக்குத் தாத்தா ஞாபகம் வந்துவிட்டது. திண்ணையில் உட்காரவைத்து மூச்சை இழுக்கும் பூரகம் 16, நிறுத்தும் கும்பகம் 64, விடும் ரேசகம் 32 என்று எண்ணுவார், எனக்கு அந்த வயதில் மூச்சு முட்டும். வகுப்பில் இதைச் சொன்னதும் பாடம் எடுத்தவர், "அதை எங்களுக்குச் செய்து காட்டுங்கள்" என்று எழுந்து எனக்கு இடம் விட்டார். இந்தியாவில் நான் எம்.பி.பி.எஸ். படித்த ஐந்தரை வருடத்தில் தாத்தாவைப் பற்றிப் பேச எனக்குத் தைரியம் வந்ததே இல்லை.

இப்போது தூக்கம் வராமல் வருகிறவர்களுக்கு மாத்திரைக்கு முன்னால் மூச்சைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். எல்லோருக்கும் பலிக்காது. பலிக்கிறவர்களுக்கு மாத்திரை மிச்சம்.

வேப்பமரம்:

என் அனுபவம் சின்னதுதான், ஆனால் உயிர் சம்பந்தப்பட்டது. வீட்டுக்காரருக்குச் சிறுநீரக மாற்று அறுவை ஆனது. மனச்சோர்வுக்கு நல்லது என்று யாரோ சொல்ல, கடையில் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகை மாத்திரை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். பல்கலைக்கழக மருத்துவமனையில் இப்படி ஒரு டாக்டர்தான் அதைக் கேட்டுக் கண்டுபிடித்தார். புதுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் காக்கும் மருந்தின் அளவை அந்த மூலிகை ரத்தத்தில் இறக்கிவிடுமாம். சோதித்தபோது உண்மையாகவே இறங்கியிருந்தது. நல்லவேளை, சிறுநீரகம் தப்பியது.

முல்லைக்கொடி:

ஒரு எச்சரிக்கை சொல்லிக்கொள்கிறேன். 'ஒருங்கிணைந்த மருத்துவம்' என்று பலகை மாட்டிய ஒரு தனியார் கிளினிக்கில் என் அக்காவுக்கு 9 புட்டி மாத்திரை விற்றார்கள். எல்லாம் அவர்கள் பெயரிலேயே வருவது, மாதம் 400 டாலர். சாப்பிடும் தைராய்டு மாத்திரையைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. அப்புறம் பல்கலைக்கழக டாக்டரிடம் போனோம். அவர் 9-இல் 8 புட்டியை நிறுத்தினார், அவர் எதையும் விற்கவும் இல்லை. மிஞ்சியது கால்சியம். அதையும் தைராய்டு மாத்திரை போட்டு நாலு மணி நேரம் கழித்துத்தான் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது என்றார். யாரிடம் போனாலும், எழுதிக்கொடுப்பதை அவரே விற்கிறாரா என்று பாருங்கள்.

தாமிரபரணி டாக்டர்:

முல்லைக்கொடி சொன்னது ரொம்பச் சரி. @காவிரிக்கரை, அம்மா இப்போது எப்படி இருக்கிறார்?

காவிரிக்கரை:

ஊருக்குத் திரும்பிவிட்டார், நன்றாக இருக்கிறார். சுக்கைத் தானே வாங்கிக் காயவைத்து இடிக்கிறார். அந்தப் பயிற்சி டாக்டருக்கென்று மிளகு தட்டிப் போட்ட மஞ்சள்பொடி ஒரு டப்பா என்னிடம் கொடுத்தனுப்பினார். மேலே தமிழில் பெயர் எழுதி ஒட்டியிருந்தது. போனில் பேசும்போதெல்லாம் கேட்கிறார், "அந்தப் பொண்ணு படிப்ப முடிச்சிட்டாளா?"