கலைச்சொல் உதவி: பூனையின் சிறுநீரில் வரும் ‘கிரிஸ்டல்’

சென்னையிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். பூனை வளர்ப்பவர்களுக்கான நான்கு பக்கத் துண்டறிக்கை ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். சிறுநீரில் கிரிஸ்டல் வரும் பூனைகளுக்கு இயற்கை சப்ளிமெண்ட் தரலாமா என்பதுதான் பொருள். ‘கிரிஸ்டல்’, ‘சப்ளிமெண்ட்’ என்ற இந்த இரண்டு சொற்களிலும் நின்றுவிட்டேன். ‘சிறுநீர்க் கல்’ என்றால் தவறு. கிரிஸ்டல் நுண்ணோக்கியில் தெரிவது, கல் கையால் எடுக்கக்கூடியது. ‘உப்பு’ என்றால் சாப்பாட்டு உப்பு என்று நினைப்பார்கள்.

மதுரையிலிருந்து:
பளிங்கு இருக்க வேறு சொல் எதற்கு? ‘அடுத்தது காட்டும் பளிங்குபோல்’ என்று குறள் 706-இல் வள்ளுவரே ஆண்டிருக்கிறார். மணிமேகலையில் பளிக்கறை, அதாவது பளிங்கு அறை, வருகிறது. படிகம், வடமொழி ஸ்படிகத்தின் திரிபு. ‘சிறுநீர்ப் பளிங்கு’ என்றே வையுங்கள்.

கோவையிலிருந்து:
ஐயா, பாலி மொழியில் ‘பளிக’ இருக்கிறதே. பளிங்கும் அதே ஸ்படிக வழிதான் என்று சொல்வோரும் உண்டு. மறுபக்கம், படிவதால் படிகம் என்று தமிழ் வேரே காட்டலாம். படி, படிவு, படிதல் எல்லாம் ஒரே குடும்பம். வேர் எதுவானாலும் பள்ளிப் பாடநூலில் படிகம்தான். பளிங்கு என்றால் இன்று எல்லோருக்கும் தரையில் பதிக்கும் கல்தான் நினைவுக்கு வரும்.

திருச்சியிலிருந்து (கால்நடை மருத்துவர்):
சொல்லை விட ஒரு விஷயம் முக்கியம். பூனையில் அதிகம் காண்பது இரண்டு வகை. ஸ்ட்ருவைட் என்பது மக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட் சேர்ந்தது. மருத்துவர் சொல்லும் உணவால் பெரும்பாலும் கரையும். கால்சியம் ஆக்சலேட் அப்படிக் கரையாது. சிறுநீரை அமிலமாக்கும் பொருள் முதல் வகைக்கு உதவலாம், இரண்டாவதற்குக் கெடுதல் செய்யலாம். வைட்டமின் சி உடலில் ஓரளவு ஆக்சலேட்டாகவே மாறும். அதனால் ‘கரைப்பான்’, ‘கரைக்கும் மூலிகை’ என்று எங்கும் எழுதிவிடாதீர்கள். கிரான்பெரி என்ற புளிப்புப் பழத்தின் மாத்திரைக்கும் அதே எச்சரிக்கை. நெருஞ்சில், சிறுபீளை பற்றி நிச்சயம் கேட்பார்கள். கல்லடைப்புக்கு மனிதர்கள் குடிக்கும் கஷாயத்தை அளவு குறைத்துப் பூனைக்கு ஊற்றக் கூடாது. உண்மையில் உதவுவது தண்ணீர். உலர் தீவனத்தில் ஈரம் சுமார் 10 சதவீதம், ஈரத் தீவனத்தில் 75-க்கும் மேல். ஸ்ட்ருவைட் என்பதை மொழிபெயர்க்க வேண்டாம், அது ஸ்ட்ரூவ என்ற மனிதரின் பெயரால் வந்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து:
சப்ளிமெண்டுக்கு எங்கள் பக்கத்தில் குறைநிரப்பி என்பது வழக்கம். ஆண் பூனைக்குக் ‘கடுவன் பூனை’ என்று போடுங்கள், இங்கே எல்லோருக்கும் அதுதான் வாயில் வரும்.

கோவையிலிருந்து:
குறைநிரப்பி நல்ல சொல், ஆனால் இங்கே புரியாது. ‘இணை உணவு’ என்றால் அங்கன்வாடி சத்துமாவு என்று போய்விடும். துணையூட்டம்?

திருச்சியிலிருந்து (கால்நடை மருத்துவர்):
துணையூட்டம் சரி. கடுவனைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். அதன் சிறுநீர்க் குழாய் குறுகலானது. முக்கிமுக்கிப் பார்த்தும் ஒரு சொட்டு வரவில்லை என்றால் அது நீரடைப்பு. எந்தத் துணையூட்டமும் தேடாமல் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். ஓரிரு நாளில் உயிரே போய்விடும். இந்த வரியைத் தடித்த எழுத்தில் முதல் பக்கத்தில் போடுங்கள்.

மதுரையிலிருந்து:
பக்கத்து வீட்டு அம்மாவிடம் ‘படிகம்’ என்றேன். “படிகாரமா? நாட்டுமருந்துக் கடையில் கிடைக்குமே” என்றார். இதை யாரும் எண்ணிப் பார்த்தீர்களா? அவர் அதைப் பூனைக்குக் கரைத்துக் கொடுத்தால்?

சென்னையிலிருந்து:
ஐயா சொன்னது நெஞ்சில் தைத்தது. ஆனாலும் பெரும்பாலோர் படிகம் என்கிறார்கள், எனக்கும் நாளை ஒரு நாள்தான் இருக்கிறது. ‘சிறுநீர்ப் படிகம்’, ‘துணையூட்டம்’, ‘நீரடைப்பு’ என்று அனுப்புகிறேன். முதல் முறை வரும் இடத்தில் ‘நுண்ணோக்கியில் மட்டும் தெரியும் பொடிகள், படிகாரம் அல்ல’ என்று சேர்த்துவிட்டேன். கடுவன் வரி முதல் பக்கத்தில் இருக்கிறது.

மதுரையிலிருந்து:
‘படிகாரம் அல்ல’ என்று எழுத வேண்டி வந்ததே, சொல் சரியில்லை என்பதற்குச் சான்று. அடுத்த பதிப்புக்குப் பளிங்கை மறுபடி எடுப்பேன்.