முனையத்தில் சதுரங்கம்: 'எழுத்துக்கண்' என்னும் சொல்லை முன்வைத்து

மதிப்பிற்குரிய அண்ணாச்சிக்கும் குழு நண்பர்களுக்கும் பாளையங்கோட்டையிலிருந்து வணக்கம்.

கட்டளையையும் விடையையும் எழுத்துகளாகவே காட்டும் கணினித் திரையான முனையத்தில் (terminal) ஓர் எழுத்து அமர்வதற்கென ஒதுக்கப்படும் இடத்தைக் 'கட்டம்' என்றே சொல்லலாமே, புதுச்சொல் எதற்கு என்று அண்ணாச்சி கேட்டிருந்தீர்கள். புழக்கத்திலுள்ள சொல்லை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை ஆக்குவதை நானும் விரும்புகிறவன் அல்லன். ஆயினும் சதுரங்கம் ஆடும் குனூ செஸ் (GNU Chess) என்ற கணினி நிரலுக்குத் தமிழில் ஒரு வழிகாட்டி எழுத உட்கார்ந்தபோது, அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு பக்கம்கூட நகர முடியவில்லை.

அந்த நிரல் முனையத்தில் படம் எதையும் வரைவதில்லை. வெள்ளைக் காய்களைப் பெரிய ஆங்கில எழுத்தாலும், கறுப்புக் காய்களைச் சிறிய எழுத்தாலும், காய் இல்லாத இடத்தைப் புள்ளியாலும் காட்டி, ஒவ்வொன்றின் பின்னும் ஒரு வெற்றிடம் விடுகிறது. ஆகவே சதுரங்கப் பலகையின் ஒரு கட்டம் முனையத்தில் இரண்டு எழுத்துக்கான இடத்தைப் பிடிக்கிறது. 64 கட்டங்களுக்கு 128 இடங்கள் செலவாகின்றன. 1978-இல் வந்த விடி100 (VT100) முனையத்தில் 80 நெடுவரிசை, 24 கிடைவரிசை, ஆக 1,920 இடங்கள் இருந்தன. அவற்றையும் கட்டம் என்றழைத்தால் 'ஒரு கட்டத்துக்கு இரண்டு கட்டம்' என்று எழுத நேர்கிறது.

மாலையில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு இந்த ஆட்டத்தைப் பழக்குகிறேன். பலகையை வரையும் சிறு நிரல் ஒன்றை எழுதிக்கொண்டிருந்த சிறுமியிடம், "நாலாவது கட்டத்தில் எழுத்து விலகி நிற்கிறது, சரிசெய்" என்றேன். அவள் பலகையில் நாலாவது கட்டத்தை எண்ணி, அங்கிருந்த சிப்பாயை நகர்த்திவிட்டாள். அவள் சரியாகத்தான் கேட்டாள். நான் சொன்ன சொல்லில்தான் தெளிவில்லை. சதுரங்கம் ஆடுகிறவர்களிடமிருந்து 'கட்டம்' என்ற சொல்லைப் பிடுங்க முடியாது, பிடுங்கவும் கூடாது. விலக வேண்டியது முனையத்துக்கான சொல்லே.

'கலம்' எனலாமே என்ற பரிந்துரையும் உண்டு; ஆனால் அது விரிதாளில் (spreadsheet) ஏற்கெனவே நிலைத்துவிட்டது. விரிதாளின் கலத்துக்குள் ஒரு பத்தியே அடங்கும், இங்கோ ஓர் எழுத்துக்குமேல் இடமில்லை. 'அறை' என்பதிலும் அதே விரிவு தொனிக்கிறது.

நான் முன்வைப்பது 'எழுத்துக்கண்'. சல்லடையில் ஒரே அளவாக அமைந்த துளைகளைக் கண் என்கிறோம். வலையின் கண் பெரிதா சிறிதா என்று பார்த்துத்தான் எந்த மீனுக்கு எந்த வலை என்று முடிவு செய்கிறார்கள். முனையத்தின் திரையும் அப்படிப்பட்ட ஒரு வலையே: எல்லாக் கண்களும் ஒரே அளவு, எழுத்துக்கேற்பக் கண் விரிவதில்லை. மேலும், ஏழாம் வேற்றுமை உருபாகவே நிற்கும் 'கண்' என்பதற்கு இடம் என்ற பொருள் தமிழில் மிகப் பழையது. எழுத்துக்கண் என்றால் எழுத்துக்குரிய இடம் என்று விளக்கமின்றியே விளங்கும். எண்ணையும் எழுத்தையும் கண்ணென்று போற்றும் மரபோடு குழம்பாதா என்று ஒரு நண்பர் கேட்டார். முனையம், கிடைவரிசை, நெடுவரிசை என்ற சொற்களுக்கு நடுவே வரும்போது அந்தக் குழப்பம் எழாது என்றே நினைக்கிறேன்.

கிளைச்சொற்களும் எளிதாகப் பிறக்கின்றன. சீன எழுத்துகளை முனையங்கள் இரண்டு இடம் கொடுத்துக் காட்டுகின்றன. அவற்றை 'இருகண் எழுத்து' எனலாம். எழுத்தில்லாத இடத்துக்கு 'வெறுங்கண்' மட்டும் வேண்டாம்; கருவியின்றிப் பார்ப்பதற்கு அது வழங்கிவிட்டது. 'காலிக்கண்' போதும்.

இந்தச் சொல் உண்மையில் தேவைப்படுவது நம் எழுத்துகளுக்காகத்தான். காய்களைத் தமிழெழுத்தால் காட்டிப் பார்த்தேன். ராஜாவுக்கும் ராணிக்கும் 'ரா' ஒன்றாகிவிடுகிறது, தமிழில் பெரிய எழுத்து சிறிய எழுத்து இல்லாததால் கறுப்பையும் வெள்ளையையும் வண்ணத்தால்தான் பிரிக்க வேண்டியிருக்கிறது. இவற்றுக்கெல்லாம் வழி உண்டு. வழி கிடைக்காத இடம் வேறு. குதிரைக்குரிய 'கு' நமக்கு ஓரெழுத்து; எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் ஒருங்குறி (Unicode) முறையிலோ ககரமும் உகரக்குறியுமாக இரண்டு குறியீடுகள். யானையின் 'யா'வும் அப்படியே. இவற்றுக்கு எத்தனை இடம் என்பதில் ஒவ்வொரு முனையச் செயலியும் ஒவ்வொரு கணக்கு வைத்திருப்பதால், குதிரை நிற்கும் வரிசை மட்டும் வளைந்து பலகையே கோணிப்போகிறது. ஒருங்குறியில் சதுரங்கக் காய்களுக்கென்றே 12 குறிகள் இருப்பதால் ஆட்டத்தை ஒருவாறு ஒப்பேற்றிவிடலாம். தமிழில் ஒரு பட்டியலை முனையத்தில் நேராக அடுக்க நினைப்பவருக்கு அந்த வழியும் இல்லை.

'கு' ஓர் எழுத்துக்கண்ணில் அடங்க வேண்டுமா, 'யா'வுக்கு இரண்டு எழுத்துக்கண் தர வேண்டுமா, 'கௌ' போன்ற அகன்ற எழுத்துக்கு எத்தனை என்ற கேள்விகளை முனையச் செயலிகளை எழுதுவோரிடம் நாம் கொண்டுபோயாக வேண்டும். அதற்குமுன் நமக்குள் இவற்றைத் தமிழிலேயே பேசி முடிக்க ஒரு சொல் வேண்டும். அண்ணாச்சி இதைவிடப் பொருத்தமான சொல்லைச் சொன்னால், வழிகாட்டியில் இதுவரை எழுதிய பக்கங்கள் அனைத்தையும் மாற்றி எழுத அணியமாக இருக்கிறேன்; 'கட்டம்' என்பதை மட்டும் பலகைக்கே விட்டுவிடுங்கள்.