"ஒரு சொட்டு டீசல் இல்லாமல் லே" – சர்ச்சு படத்தில் இருப்பது என்ன?

ஜெரிகேன் (ஞாயிறு, இரவு 9:12)
பக்கத்து இழையில் நம் ஒயர்காரர், மணாலியிலிருந்து லடாக்கின் லே வரை மின்காரில் போய்வந்த கதையை ஆறு பாகமாக எழுதி முடித்திருக்கிறார். தலைப்பு: "ஒரு சொட்டு டீசல் இல்லாமல் லே". ஆளாளுக்குக் கைதட்டியிருக்கிறார்கள். நானும் ரசித்துத்தான் படித்துக்கொண்டு வந்தேன். ஐந்தாம் பாகத்தின் மூன்றாவது படத்தில் கண் நின்றுவிட்டது. அந்தச் சாலையில் சர்ச்சு என்னும் இடத்தில் ஒரு முகாம், சாயங்கால வெளிச்சம், வெள்ளைக் கூடாரங்கள், கார். காரிலிருந்து ஆரஞ்சு நிற ஒயர் ஒன்று கூழாங்கற்களின் மேல் ஓடி, சமையல் கூடாரத்துக்குப் பின்னால் போகிறது. அங்கே ஒரு பச்சைப் பெட்டி. அதன் தலையில் கரி படிந்த குழாய். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

அது ஜெனரேட்டர் இல்லை, யாககுண்டம் என்று யாராவது நிரூபித்தால் இப்போதே மன்னிப்புக் கேட்கிறேன். ஜெனரேட்டர்தான் என்றால் ஒரே கேள்வி. அதில் எரிந்தது என்ன? இளநீரா?

ஒயர்காரர் (இரவு 9:40)
வணக்கம் அண்ணா. படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும் அளவுக்கு என் எழுத்தின் மேல் அக்கறை வைத்ததற்கு நன்றி.

அந்த ஜெனரேட்டர் எனக்காக ஓடவில்லை. முகாமின் விளக்குகளுக்காக ஏழு மணிக்குப் போடுவார்கள், பத்தரைக்கு அணைப்பார்கள். நான் வந்தாலும் வராவிட்டாலும் அது ஓடும். அதில் ஒரு 15 ஆம்பியர் பிளக் கேட்டு வாங்கினேன். மூன்றரை மணி நேரத்தில் ஏறியது பத்து யூனிட். அதுவும் எளிதில் ஏறவில்லை. சார்ஜரில் முதலில் சிவப்பு விளக்கு. எர்த் சரியில்லாத இடத்தில் அது மின்சாரத்தைத் தொடவே தொடாது. முகாமின் சமையல்காரர் கூடாரம் அடிக்கும் இரும்பு முளை ஒன்றைத் தரையில் இறக்கினார். ஒயரைச் சுற்றி, நியூட்ரலையும் அதோடு இணைத்து, ஒரு கை உப்பைக் கரைத்த தண்ணீரை முளையைச் சுற்றி ஊற்றினார். பச்சை விளக்கு எரிந்தபோது இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். 4,200 மீட்டருக்கு மேலே, கை விரைத்துப்போகும் குளிரில். நாற்காலியில் உட்கார்ந்து படத்தைப் பெரிதாக்குகிறவருக்கு அந்தப் பச்சை விளக்கின் அருமை தெரியாது.

இந்தக் கதையை ஏழாம் பாகத்துக்காக வைத்திருந்தேன்.

ஜெரிகேன் (இரவு 9:46)
ஆறாம் பாகத்தின் அடியில் "முற்றும்" என்று போட்டிருக்கிறீர்களே தம்பி.

உப்புத் தண்ணீர் கதை அருமை, மனதாரச் சொல்கிறேன். ஆனால் நான் கேட்டது எர்த்தைப் பற்றி இல்லை. அந்தப் பச்சைப் பெட்டியில் எரிந்தது என்ன?

கணக்குப்பிள்ளை (இரவு 10:05)
அந்த அளவு டீசல் ஜெனரேட்டர் லிட்டருக்குச் சுமார் மூன்று யூனிட் தரும். பத்து யூனிட்டுக்கு மூன்று லிட்டரும் சொச்சமும். அடல் சுரங்கம் வழியாக மணாலி–லே ஏறக்குறைய 430 கி.மீ. அதே பாதையில் என் டீசல் ஜீப் நாற்பது லிட்டர் குடித்தது. நாற்பது எங்கே, மூன்று எங்கே? தலைப்பில் கொஞ்சம் மிகை, அவ்வளவுதான். விட்டுவிடலாம்.

ஜெரிகேன் (இரவு 10:11)
மருந்துக் கணக்கில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு. மூன்று லிட்டருக்கு அறுபதாயிரம் சொட்டு. தலைப்பில் இருப்பது "ஒரு சொட்டு இல்லாமல்". மிகை கொஞ்சம்தான், அறுபதாயிரம் மடங்கு. கணக்குப்பிள்ளை என்று பெயர் வைத்துக்கொண்டு சொச்சத்தை விட்டுவிட்டீர்கள். நானும் பெருந்தன்மையாக விட்டுவிடுகிறேன்.

மலைச்சரிவு (இரவு 10:30)
ஜெரிகேன் அவர்களே, அதே சாலையில் தாண்டி என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே ஒரு பெட்ரோல் பங்க். பல காலம் அதன் வாசலில் ஒரு பலகை நின்றது: அடுத்த பங்க் 365 கி.மீ. தாண்டியைத் தாண்டிய டீசல்காரர்கள் எல்லாம் கேனைக் கூரையில் கட்டிக்கொண்டுதான் போனார்கள். உங்கள் பெயரே அதுதான். கேனில் சுமந்தால் வீரம், ஒயரில் வாங்கினால் பித்தலாட்டமா?

இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள். காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வோர் ஆயிரம் மீட்டருக்கும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பலத்தை இழக்கும். 5,300 மீட்டரில் தங்லங் லா கணவாய் உச்சியில் அது பாதி உயிரோடுதான் நிற்கும். மோட்டாருக்குக் காற்றே வேண்டாம். இறக்கத்தில் இன்னும் வேடிக்கை. ஆளும் சாமானுமாக இரண்டு டன் கார் ஆயிரம் மீட்டர் இறங்கினால் ஐந்து யூனிட்டுக்கு மேல் ஆற்றல். அதில் பாதிக்கு மேல் பேட்டரிக்குத் திரும்பிவிடும். லேயை நோக்கி இறங்கும்போது மீட்டரில் சதவீதம் ஏறுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். உங்கள் ஜீப் இறக்கத்தில் இறங்கினால் டீசல் டாங்கிக்குத் திரும்புமா?

ஜெரிகேன் (இரவு 10:38)
திரும்பாது. ஜெனரேட்டரில் எரிந்த டீசலும் திரும்பாது. மறுபடி அங்கேயே வந்துவிட்டோம், பார்த்தீர்களா?

கேனைக் கட்டிக்கொண்டு போகிறவன் "டீசல் இல்லாமல் போனேன்" என்று தலைப்புப் போடுவதில்லை.

உப்புக்காற்று (திங்கள், காலை 7:20)
இது உலக வழக்கம்தான் ஐயா. 2019இல் நடிகர் யூவன் மெக்ரெகரும் சார்லி பூர்மனும் தென்னமெரிக்காவின் கடைக்கோடியான உஷுவாயாவிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் வரை ஹார்லி டேவிட்சன் லைவ்வயர் மின் மோட்டார் சைக்கிளில் போனார்கள். கூடவே ரிவியன் மின் பிக்கப்கள். 13 நாடுகள், ஏறத்தாழ 21,000 கி.மீ. அவர்களுக்காகவே ரிவியன் வழிநெடுக நூற்றுக்கும் மேற்பட்ட சார்ஜர்களைப் பொருத்திக் கொடுத்தது. அப்படியும் பட்டகோனியாக் குளிரில் டீசல் ஜெனரேட்டரைக் கூப்பிட வேண்டி வந்தது. மெக்சிகோவில் மோட்டார் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு போகப் பழைய பள்ளிப் பேருந்து ஒன்றையே வாங்கிவிட்டார்கள். கோடிக்கணக்கில் பணம் வைத்திருந்தவர்களுக்கே அந்தக் கதி. நம் ஒயர்காரர் சம்பளக்காரர்.

ஜெரிகேன் (காலை 7:31)
மிக்க நன்றி. எனக்குச் சாட்சி தேடி அலைந்துகொண்டிருந்தேன், நீங்களே கூட்டிக்கொண்டு வந்துவிட்டீர்கள். அவர்கள் பயணத்தைப் படமெடுத்தபோது ஜெனரேட்டரைக் கேமரா முன்னால் வைத்தார்கள். இவர் சமையல் கூடாரத்துக்குப் பின்னால் வைத்தார்.

ஒயர்காரர் (காலை 7:33)
நான் வைக்கவில்லை! அது முகாமுடைய ஜெனரேட்டர். எத்தனை முறை சொல்வது?

ஜெரிகேன் (காலை 7:34)
எரிந்தது என்ன?

பாலைத்தும்பி (காலை 8:15)
ஜெனரேட்டர் இல்லாமல் போக முடியாது என்பதையே நான் ஏற்கவில்லை. நெதர்லாந்தின் வீபே வாக்கர் மின்காராக மாற்றிய பழைய வோக்ஸ்வேகன் கோல்ஃபில் 33 நாடுகள், 95,000 கி.மீ. கடந்து 2019 ஏப்ரலில் சிட்னி போய்ச் சேர்ந்தார். ஒரு சார்ஜுக்கு 200 கி.மீ.தான். மூன்று வருடத்துக்கு மேல் ஆனது. முன்பின் தெரியாதவர்களின் வீட்டில் தங்கி, அவர்கள் வீட்டுப் பிளக்கிலேயே சார்ஜ் போட்டார். ஜெர்மனியின் சின்யே கோட்வால்ட் 2022–23இல் கேக் என்னும் நிறுவனத்தின் மின் மோட்டார் சைக்கிளில் ஆப்பிரிக்காவை வடக்கிலிருந்து தெற்காகத் தனியாகக் கடந்தார். 124 நாள், 13,000 கி.மீ.க்கு மேல். பின்னால் துணை வண்டி கிடையாது. 2023இல் ஐந்தோவன் பல்கலை மாணவர்கள் தாங்களே கட்டிய சூரிய ஒளி வண்டியை மொராக்கோவில் ஆயிரம் கி.மீ.க்கு மேல் ஓட்டினார்கள்.

அவசரப்படாதவர்களுக்கு வழி இருக்கிறது. ஒயர்காரருக்கு எட்டு நாள் விடுப்பு. பிரச்சினை பேட்டரியில் இல்லை, விடுப்பில்.

ஒயர்காரர் (காலை 8:22)
அந்த வீட்டுப் பிளக்குகளுக்கு மின்சாரம் வானத்திலிருந்து வந்ததா? பாதி நாடுகளில் நிலக்கரி. அது புகை இல்லையா? முகாமில் வரும் புகை மட்டும்தான் புகையா?

கணக்குப்பிள்ளை (காலை 8:40)
வழியில் கேலாங்கில் நீங்கள் போட்ட சார்ஜ் பெரும்பாலும் நீர்மின்சாரமாக இருக்கும். இமாசலத்தில் அதுதான் முக்கியம். அதைச் சொல்லியிருந்தால் உங்களுக்கே நல்லதாக இருந்திருக்கும். உங்கள் கட்சியை நீங்களே கெடுத்துக்கொள்கிறீர்கள்.

அகராதிக்காரன் (காலை 9:05)
யாரும் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். நெடுந்தரைப் பயணம், அதாவது ஓவர்லேண்டிங், என்றால் என்ன? எல்லை தாண்ட வேண்டுமா, தார் இல்லாத பாதையாக இருக்க வேண்டுமா, வண்டியிலேயே படுத்துத் தூங்க வேண்டுமா? மணாலி–லே தேசிய நெடுஞ்சாலை. விடுதியில் படுத்து, தாபாவில் பருப்புச் சோறு தின்று போனால் அது சுற்றுலா. இதைத் தீர்க்காமல் ஜெனரேட்டரைப் பற்றிப் பேசி என்ன பயன்?

இன்னொன்று. மின்வண்டி, மின்வண்டி என்று தலைப்புக்குத் தலைப்பு எழுதுகிறீர்கள். 1931 முதல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் ரயில் ஓடுகிறதே, என் தாத்தா அதைத்தான் மின்வண்டி என்பார். காரை மின்கார் என்று எழுதுங்கள்.

மலைச்சரிவு (காலை 9:18)
வண்டி என்றால் உருளுவதெல்லாம் வண்டி. மாட்டு வண்டி இல்லையா, தள்ளுவண்டி இல்லையா? உங்கள் தாத்தாவுக்காக ஊரே பெயரை மாற்ற முடியாது.

அகராதிக்காரன் (காலை 9:20)
தாத்தாவை இழுக்க வேண்டாம்.

மலைச்சரிவு (காலை 9:21)
இழுத்தது நீங்கள்.

ஒயர்காரர் (காலை 10:02)
சுற்றுலாவா? அந்தச் சாலையின் காட்டா கொண்டையூசி வளைவுகள் இருபத்தொன்றையும் ஏறியவன் நான். லே போய்ச் சேர்ந்து, மறுநாளே 18,380 அடி கர்துங் லா கணவாய்க்கும் ஏறினேன். அதே மின்காரில். அங்கே ஜெனரேட்டர் எதுவும் இல்லை, ஜெரிகேன் அண்ணா படத்தைப் பெரிதாக்கித் தேடலாம்.

உப்புக்காற்று (காலை 10:15)
18,380 அடி என்பது அங்கே நின்ற பலகை சொன்ன கதை. கர்துங் லாவின் உண்மையான உயரம் 5,359 மீட்டர், அதாவது 17,582 அடி. பலகையை நம்பிப் பெருமையடிக்காதீர்கள்.

ஒயர்காரர் (காலை 10:17)
சற்று முன் வரை நீங்கள் என் பக்கம்தானே?

உப்புக்காற்று (காலை 10:18)
உயரத்தில் நான் யார் பக்கமும் இல்லை.

ஜெரிகேன் (காலை 10:30)
எண்ணூறு அடி மிகை அங்கே, அறுபதாயிரம் சொட்டு மிகை இங்கே. கை பழகிவிட்டது.

பாலைத்தும்பி சொன்னவர்கள் அத்தனை பேருக்கும் என் வணக்கம். அந்த மாணவர்களுக்கு இரட்டை வணக்கம். அவர்கள் வண்டிக்கு மேலே சூரியன் இருந்தது. சர்ச்சுவில் ஏழு மணிக்கு மேல், கரி படிந்த குழாய் வைத்த பச்சைச் சூரியன் எங்கிருந்து உதித்தது என்பதுதான் என் சந்தேகம்.

மின்கார் எனக்கு எதிரி இல்லை. என் மகன் வைத்திருக்கிறான். கோவைக்கும் ஊட்டிக்கும் நானே ஓட்டுகிறேன், சுகமாகத்தான் இருக்கிறது. டீசல்காரன் கேனைக் கூரையில் நாலு பேர் பார்க்கக் கட்டுகிறான். உங்கள் கேன் முகாம்காரன் கணக்கில் ஒளிந்திருக்கிறது. தலைப்பில் "பெரும்பாலும்" என்று ஒரு சொல் சேர்த்தால் நான் வாயை மூடிக்கொள்வேன்.

மலைச்சரிவு (காலை 10:52)
நேர்மையைப் பற்றி நீங்களா? கொல்லிமலைச் சந்திப்பில் என் காற்றடிக்கும் பம்பை வாங்கினீர்கள். எழுபது கொண்டையூசி வளைவும் இறங்கிய பிறகு திருப்பித் தந்தீர்கள், குழாய் கிழிந்து. "முதலிலேயே அப்படித்தான் இருந்தது" என்றீர்கள். அதற்கும் ஒரு படம் என்னிடம் இருக்கிறது. பெரிதாக்கட்டுமா?

ஜெரிகேன் (காலை 10:55)
முதலிலேயே அப்படித்தான் இருந்தது.

மலைச்சரிவு (காலை 10:56)
புதுப் பம்பு அது! அட்டைப்பெட்டியை உடைத்ததே நீங்கள்தான்!

நெறியாளர் (காலை 11:10)
பம்பு விவகாரம் தனிமடலில். தலைப்பை ஒட்டிப் பேசவும்.

அகராதிக்காரன் (காலை 11:12)
தலைப்பை ஒட்டித்தான் நான் கேட்டேன். நெடுந்தரைப் பயணம் என்றால் என்ன?

புதுப்பயணி (காலை 11:30)
வணக்கம். அடுத்த ஜூலையில் மின்காரில் லே போகலாம் என்று இருக்கிறேன். சர்ச்சுவில் அந்த முகாமின் பெயர் என்ன? பிளக்குக்கு எவ்வளவு வாங்குகிறார்கள்?

ஒயர்காரர் (காலை 11:41)
தனிமடலில் அனுப்புகிறேன் நண்பரே. ஐந்நூறு ரூபாய் கேட்டார், நானூறு கொடுத்தேன். ஜெனரேட்டர் டீசல் விலை ஏறிவிட்டது என்றார்.

ஜெரிகேன் (காலை 11:42)
என்ன விலை ஏறிவிட்டது என்றார்?

ஒயர்காரர் (காலை 11:50)
அண்ணா, என் வண்டி டாங்கியில் ஒரு சொட்டு டீசல் இல்லை. டாங்கியே இல்லை. தலைப்பின் பொருள் அதுதான். மாற்ற மாட்டேன்.

கணக்குப்பிள்ளை (மதியம் 12:20)
மன்னிக்கவும், ஒரு திருத்தம். அந்த உயரத்தில் ஜெனரேட்டருக்கும் மூச்சு வாங்கும், லிட்டருக்கு மூன்று யூனிட் வந்திருக்காது. நான்கு லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெரிகேன் (மதியம் 12:24)
எண்பதாயிரம் சொட்டு. நன்றி.

பாலைத்தும்பி (மதியம் 2:05)
ஐந்தாம் பாகத்தை இப்போதுதான் திறந்தேன். இரண்டாவது படத்துக்குப் பிறகு நேராக நான்காவது வருகிறதே?

ஒயர்காரர் (மதியம் 2:30)
படம் ஏற்றும் தளத்தில் ஏதோ கோளாறு. சாயங்காலம் பார்க்கிறேன்.

ஜெரிகேன் (மதியம் 2:31)
சிரமப்பட வேண்டாம் தம்பி. ஞாயிற்றுக்கிழமையே ஒரு நகல் எடுத்து வைத்திருக்கிறேன். இதோ ஏற்றுகிறேன். ஒயர் முழுதாகத் தெரிகிறது.